பதினான்கு பாட்டில் பச்சைத் தக்காளி

நவம்பர் 11, செவ்வாய். ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது. இரண்டாம் தேதி போட்ட பச்சைத் தக்காளி ஊறுகாயில் வினிகருக்குச் சமமாகத் தண்ணீர் கலந்தேன். கலந்திருக்கக் கூடாது. வகுப்பில் தருகிற வினிகரில் அமிலம் பத்து சதவீதம். வீட்டுக்கு வாங்கியது ஐந்து. மொத்தம் பதினான்கு பாட்டில்.

இவ்வளவையும் எழுதிவிட்டு அவள் பேனாவை மூடினாள். மறுபடி திறந்து ‘சிறு’ என்ற சொல்லை அடித்தாள். அடித்ததும், இல்லாத ஒன்றுக்கு ஊரைக் கூட்டுகிறோமோ என்று சந்தேகம் வந்தது. அடித்த இடத்துக்கு மேலேயே திரும்பவும் ‘சிறு’ என்று எழுதினாள். பேருந்து அவளுடைய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு நிறுத்தம் திரும்பி நடக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் மாடிப் பெரியப்பா அவளுக்கு வைத்த பெயர் தராசு. எதையும் அளக்காமல் செய்யமாட்டாள். காப்பித் தூளைக்கூடக் கரண்டியின் தலையை விரலால் தட்டிச் சமப்படுத்தித்தான் போடுவாள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. செவ்வாயும் வியாழனும் மாலையில் உணவுப் பதன வகுப்பு. அங்கே எல்லோரும் ஒரு நோட்டு வைத்திருக்க வேண்டும்: தேதி, செய்தது, அளவு, பிழை. மற்றவர்கள் பிழை என்கிற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். அவளுடைய நோட்டில் அந்த இடம்தான் எப்போதும் நிரம்பி, ஓரத்தில் ஏறி, அடுத்த பக்கத்துக்கும் போயிருக்கும்.

அன்றைக்கு வகுப்பு முடிகிற நேரத்தில் டீச்சர் இரண்டு வினிகர்களை மேசைமேல் வைத்தார். ஒன்று வகுப்பில் வழக்கமாக ஊற்றுகிற வெள்ளைக் கேன். இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்கிற பாட்டில். எதில் தண்ணீர் கலக்கலாம், எதில் கூடாது என்று கேட்டார். அந்த பாட்டிலின் லேபிள் அவளுக்கு மனப்பாடம். அதே பச்சை மூடி, அதே ஆப்பிள் படம். ஆப்பிளுக்குக் கீழே எறும்பு வரிசை மாதிரி ஓடிய எழுத்தை மட்டும் அதுவரை படித்ததில்லை.

எல்லோரும் போன பிறகு, வேறு யாருக்கோ நடந்த மாதிரி டீச்சரிடம் கேட்டாள். தெரிந்தவர் ஒருவர் தெரியாமல் கலந்துவிட்டாராம்.

“அந்தத் தெரிஞ்சவங்கள எல்லாத்தையும் கொட்டச் சொல்லு,” என்றார் டீச்சர், கேனை அலமாரியில் வைத்துப் பூட்டியபடியே. “புளிப்பு பத்தலைன்னா உள்ள கிருமி வளரும். பாத்தா நல்லாத்தான் இருக்கும். மோந்து பாத்தாலும் தெரியாது. நல்லா இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாமலே போகலாம், ரெண்டு நாள் வயித்தப் புடிச்சுக்கிட்டும் கெடக்கலாம். ஒடம்புக்கு முடியாதவங்க யாராவது தின்னாங்கன்னா, அது வேற கதை.”

வீட்டுக்கு நடக்கும்போது பாட்டில்களை எண்ணிப் பார்த்தாள். பத்து சமையலறை அலமாரியின் அடித்தட்டில். ஒன்று சாப்பாட்டு மேசையில், பாதி தீர்ந்தது. ஒன்று கடை முதலாளிக்குக் கொடுத்தது. மீதி இரண்டும் மூன்றாம் மாடிக்குப் போயிருந்தன. அந்த இரண்டுக்கு வரும்போதெல்லாம் கணக்கு விட்டுப்போய், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

மூன்றாம் மாடியில் இருந்தது அம்மாவின் அக்கா. அவளும் அம்மாவும் முதல் மாடி. இடையில் முப்பத்தாறு படிகள், நான்கு வருஷமாகப் பேச்சில்லை. படியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் கைப்பிடிப் பக்கமும் மற்றவர் சுவர்ப் பக்கமும் ஒதுங்கி, கூட்டமான கடையில் முன்பின் தெரியாதவர்கள் விலகுவதுபோல் விலகிப் போவார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஓடிக்கொண்டிருந்தது பெரியப்பாவின் வாய் ஒன்றுதான். முப்பது வருஷம் லிஃப்ட் இயக்கியவர்; ஏறுகிறவன் இறங்குவதற்குள் கதையை முடித்தாக வேண்டும் என்று பழகிய வாய்.

பேச்சு நின்ற காரணம் சிறிதில்லை. அம்மாவின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனி நம்பிக்கையில்லை என்று டாக்டர் சொன்னது ஒரு மாலையில். பெரியம்மா அப்போது வெளியூரில். விடிந்தால் தேறிவிடுவார், எதற்கு அவளைப் பதற வைப்பது என்று அம்மா ஃபோனை எடுக்கவில்லை. விடியும் முன்பே அவர் போய்விட்டார். அதையும் உடனே சொல்ல நாக்கு எழாமல், மறுநாள் மத்தியானம்தான் சொன்னாள். பெரியம்மா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா கெட்ட எண்ணம் உள்ளவள் இல்லை. கெட்ட செய்தியைச் சூடாக யாருக்கும் கொடுக்கத் தெரியாதவள்.

இப்போது பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். அது நோயோடு சேர்த்து முடியையும், ரத்தத்தில் எதிர்த்து நிற்கிற அணுக்களையும், நாக்கையும் கொண்டுபோயிற்று. எதைத் தின்றாலும் ஆணியைச் சப்பின மாதிரி இருக்கிறது என்றாளாம்.

தக்காளி வந்த கதை வேறு. மொட்டைமாடி ஒழுகுகிறது, தளம் போட வேண்டும், சனிக்கிழமைக்குள் எல்லாத் தொட்டிகளையும் எடுத்துவிடுங்கள் என்று கட்டடத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். அம்மா பதினோரு பழைய பெயிண்ட் வாளிகளில் தக்காளி வைத்திருந்தாள். துணிக்கடையில் நாளெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டு வந்து, மாலையில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த செடிகள். விதை போட்டதே தாமதம். கிளை ஒடிகிற அளவுக்குக் காய்த்திருந்தும் ஒன்றுகூடச் சிவக்கவில்லை. இன்னும் பத்து நாள் விட்டால் பழுத்துவிடும் என்று அம்மா கொத்தனாரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் ஒரு காலை வாளி விளிம்பில் வைத்துக்கொண்டு, பத்து நாள் பொறுக்கும்படி மழையிடம் அம்மாவே பேசிக்கொள்ளட்டும் என்றார்.

செடிகளை வேரோடு பிடுங்கினார்கள். பதினோரு கிலோ காய். அம்மா குப்பையில் போடப் போனாள். வேண்டாம், வகுப்பில் வழி சொல்லியிருக்கிறார்கள் என்று தடுத்தது அவள்தான். தரையில் செய்தித்தாளை விரித்து மூன்றாகப் பிரித்தாள். அடியில் லேசாக மஞ்சள் ஓடியவை பழுக்கட்டும் என்று காகிதம் சுற்றிப் பெட்டிக்குள் போயின. கோலிக்குண்டு அளவில் கல்லாக இருந்தவை கசக்கும். அவற்றைத் தள்ளி வைத்தாள். முழு வளர்ச்சி அடைந்து, பச்சை சற்று வெளுத்து நின்றவை ஏழு கிலோ. அவற்றில் சிலவற்றை வட்டமாக அரிந்து, உப்பும் மாவும் புரட்டி அம்மா எண்ணெயில் பொரித்தாள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே சுருக்கென்று புளிப்பு. இருவரும் அடுப்படியில் நின்றபடியே தின்றார்கள். அம்மா அன்று சிரித்துப் பேசினாள்.

மற்றதையெல்லாம் மறுநாள் ஊறுகாய் போட்டாள். அரை விரல் கனத்தில் வில்லை, ஆறு மணி நேரம் உப்பில் ஊற வைத்து வடிந்த தண்ணீரைக் கொட்டி, வெங்காயம், பூண்டு, மிளகு, பச்சை மிளகாய் அடுக்கி, கொதிக்கும் வினிகர்க் கலவையை விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை ஊற்றிச் சூட்டோடு மூடினாள். உப்பைக் கிராமில் நிறுத்தாள். பாட்டில்களைக் கொதிநீரில் பதினைந்து நிமிடம் வைத்தாள், பதினான்கு இல்லை. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். காயின் கறை விரல் நகங்களில் கறும்பச்சையாக ஏறி, நாலு நாள் சோப்புக்கும் போகவில்லை.

திங்கட்கிழமை படியில் பார்த்த பெரியப்பா அந்த விரல்களைப் பிடித்து மோந்தார். கண்ணாடிக் கடையில் இப்போது புல் வெட்டுகிறார்களா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் இறங்கியது. பெரியம்மா நான்கு நாளாகக் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதையும் இறக்கவில்லை. புளிப்பாக ஏதாவது கிடைக்குமா என்று மட்டும் கேட்கிறாள். எலுமிச்சை வாய்ப்புண்ணில் எரிகிறதாம்.

கதவுக்குப் பின்னால் அம்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்து, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்து, அவள் கையில் வைத்து, யார் கொடுத்தது என்று சொல்லாதே என்றாள். மொட்டைமாடியில் தக்காளி வைத்திருந்தது யார் என்று அந்தக் கட்டடத்தில் பூனைக்குக்கூடத் தெரியும்.

வியாழக்கிழமை கழுவித் துடைத்த காலி பாட்டிலோடு பெரியப்பா இறங்கி வந்தார். ஒரு சேதியும் கொண்டுவந்தார். உப்பு சரியாக இருக்கிறது, காரத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லு, என்று பெரியம்மா சொன்னாளாம். யாரிடம் சொல்ல என்று கேட்டதற்கு, “செஞ்சவகிட்டதான், வேற யாருகிட்ட” என்றாளாம். அம்மா அதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவர் போன பிறகு, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த சட்டையைப் பிரித்துத் திரும்ப இஸ்திரி போட்டாள். பச்சை மிளகாய் குறைவாக விழுந்த பாட்டிலைத் தேடி எடுத்தாள்; இருட்டுவதற்குள் அந்த இரண்டாவதும் மேலே போயிற்று.

இதெல்லாம் நடந்து ஐந்து நாள் ஆன பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பு.

அன்று வீட்டுக்கு வந்தவள் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா காகிதம் சுற்றிய காய்களைப் பிரித்துப் பார்த்து, ஒன்று பழுத்திருக்கிறது, அக்காவுக்கு ஆகுமா என்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். காலையில், அம்மா வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் சொன்னாள். அம்மா செருப்புக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றாள்.

“நாமளும்தானே தின்னோம். எனக்கு என்னாச்சு, ஒனக்கு என்னாச்சு?”

“நமக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பெரியம்மாவுக்கு ரத்தத்துல எதிர்ப்பே இல்லைன்னு பெரியப்பா சொன்னாரே.”

“அவளுக்கும் ஒண்ணும் ஆகலயே. ஆகியிருந்தா அத்தான் அங்கேருந்தே கத்தியிருப்பாரு.”

“நான் போய்ச் சொல்லி வாங்கிட்டு வந்துடறேன்.”

அம்மா செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“நாலு வருஷம் கழிச்சு ஒரு வார்த்த சொல்லியிருக்காடி. அதும் உப்பப் பத்தி. இப்பப் போயி, நாங்க குடுத்தது கெட்டுப்போனதுன்னு சொல்லப்போறியா? தங்கச்சி வேணும்னே குடுத்தான்னு நினைப்பா. நெனைக்கலைன்னாலும் அந்த வாசல் மறுபடி எனக்குத் தொறக்காது.”

பிறகு அம்மா ஒரு வழி சொன்னாள். சரியான அளவில் புதிதாக ஒரு பாட்டில் போட வேண்டும். அதை எடுத்துப் போய், இது காரம் குறைத்தது என்று கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வந்துவிட வேண்டும். யாருக்கும் எந்த மனக்கசப்பும் இல்லை. இன்றைக்கு ஒரு நாள்தானே.

கேட்கும்போது அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் தலையாட்டினாள்.

ஒரு நாளில் முடியவில்லை. மொட்டைமாடியில் செடி இல்லை. தள்ளி வைத்த கோலிக்குண்டுகளும் அழுகிக் குப்பைக்குப் போயிருந்தன. சாப்பாட்டு இடைவேளையில் சந்தைக்கு ஓடினாள். எல்லாத் தட்டிலும் சிவப்பு. மூன்றாவது கடைக்காரர், காயாக இருக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன், காயாக இல்லை என்று வருகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை லாரி வரும், அடிப்பெட்டியில் பச்சைக்காய் இருந்தால் எடுத்து வைக்கிறேன் என்றார்.

அன்று மாலை அவளாகவே மூன்றாம் மாடிக்கு ஏறினாள். சொல்லிவிடுவது என்று ஒவ்வொரு படியிலும் நினைத்தாள். கதவைத் திறந்த பெரியப்பா, பெரியம்மா தூங்குகிறாள், ஏதாவது சேதியா என்று மெல்லிய குரலில் கேட்டார். அவர் தோளுக்கு மேலாக மேசையில் பாட்டில் தெரிந்தது. பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. சும்மாதான் வந்தேன் என்றாள். சும்மா வருகிற ஆள் இல்லையே நீ என்று அவர் சிரித்தார். கீழே வந்து நோட்டில் எழுதினாள்: ‘மூன்றாம் மாடிக்குப் போனேன். சொல்லவில்லை.’ பிழை என்கிற இடத்தில் எழுத வேண்டியதைச் செய்தது என்கிற இடத்தில் எழுதியிருக்கிறோம் என்று பிறகு கவனித்தாள்.

வியாழக்கிழமை முதலாளியிடம் பாட்டிலைத் திருப்பிக் கேட்டாள். காரணத்தை அவரிடம் சொல்லச் சிரமமே இருக்கவில்லை. அடுத்தவன் கண்ணுக்குப் பொடி எழுத்துத் தெரியக் கண்ணாடி தேய்க்கிற பெண்ணுக்கு லேபிள் தெரியவில்லையா என்று அவர் நாளெல்லாம் வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் பாட்டிலைத் திறக்கவே இல்லை. அவளுக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவும் இல்லை. இவரிடம் வருகிற வார்த்தை முப்பத்தாறு படி ஏறினால் ஏன் வருவதில்லை என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவும் அவளும் விடுப்பு எடுத்தார்கள். விடிந்ததும் அவள் சந்தைக்குப் போனாள். கடைக்காரர் ஒன்றரைக் கிலோ எடுத்து வைத்திருந்தார். இந்த முறை வினிகரில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. லேபிளை மூன்று முறை படித்தாள். எல்லாம் முடிந்த பிறகு அம்மா இரண்டு பாட்டில்களை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முகம் மாறினாள். பழையதில் காய் மங்கி, வாடிய இலை நிறத்துக்குப் போயிருந்தது. புதியது கண்ணைப் பறிக்கிற பச்சை. இரண்டும் ஒன்று இல்லை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். இன்னொரு கொதி கொதிக்க விடு, நிறம் செத்துவிடும் என்றாள் அம்மா. திரும்ப அடுப்பில் ஏற்றினார்கள். இருவரும் பாத்திரத்துக்கு மேல் குனிந்து, பச்சை சாகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஆவியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, நாம் இப்போது சமைத்துக்கொண்டிருப்பது ஊறுகாய் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அடுப்பை அணைக்கவில்லை.

நாலு மணிக்குப் பாட்டிலோடு மேலே போனாள். பெரியப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். பெரியம்மாவே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். முகம் இஸ்திரி போடாத துணி மாதிரி சுருங்கியிருந்தது.

“நீயா. வாடி உள்ள. கையில என்ன, இன்னொண்ணா?” என்றாள். “உங்கம்மா என்னைக் குண்டாக்கிட்டுத்தான் விடுவா போலருக்கு.”

நாற்காலிக்கு அருகில் ஒரு வாளி, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. அறையில் சோப்பு வாடைக்குக் கீழே வேறொரு வாடை. மேசைமேல் பாட்டிலில் இரண்டு வில்லைகள் மட்டும் மிச்சம் கிடந்தன.

என்ன செய்கிறது என்று கேட்டாள். பெரியம்மா உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, புதன்கிழமையிலிருந்து நிற்கவில்லை என்றாள். மேலேயும் கீழேயும்.

“பெரியப்பா எப்படி விட்டாரு?”

“அவருக்கு எங்க தெரியும். அவரு வெளிய போனா கழுவி வெச்சுடறேன். நீயும் வாயத் தொறக்காத. தெரிஞ்சா மொத காரியமா அந்த பாட்டிலத் தூக்கி எறிவாரு.” பெரியம்மா மேசைப் பக்கம் பார்த்தாள். “மருந்தோட வேலைதான் இது, எனக்குத் தெரியாதா. ஆனா பழி அதுமேல விழும். நாலு வருஷம் கழிச்சு அவ கைல சாப்பிட்டேன். அதுல பழி விழ வேணாம்.”

அவள் புதிய பாட்டிலை மேசையில் வைத்தாள். பழையதைக் கையில் எடுத்தாள். இப்படியே இறங்கிப் போய்விடலாம். திட்டம் அதுதான், அது முடிந்தும் விட்டது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைக் கேன், பச்சை மூடி, பத்து, ஐந்து, பாதிக்குப் பாதி. கலந்தது தான்தான், அம்மா இல்லை. இப்போதே டாக்டரிடம் போக வேண்டும். பெரியம்மா கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“செவ்வாய்க்கெழம சாயந்திரம்.”

“உங்கம்மாவுக்கு?”

“புதன் காலைல.”

பெரியம்மா கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணினாள். நிதானமாக, ஒவ்வொன்றாக.

“அப்பாவுக்கு அன்னைக்கு ஒரு நாளு,” என்றாள். “இன்னைக்கு மூணு நாளு.”

அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். மளிகைக் கணக்கைச் சரிபார்க்கிற குரல் அது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தபோது கொதித்தது. பெரியம்மா அந்தக் கையைத் தட்டிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

பெரியப்பா வந்ததும் வாடகை வண்டி பிடித்தார்கள். முதல் மாடியைக் கடக்கும்போது அம்மா வாசலில் நின்றாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். வெறுங்காலோடு தெருவரை வந்து, “அக்கா,” என்றாள். பெரியம்மா வண்டிக்குள் ஏறி, தலைத்துணியைச் சரி செய்துகொண்டு, மறுபக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். ஊறுகாயாக இருக்கலாம், மருந்தின் விளைவாகவும் இருக்கலாம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். புதன்கிழமையே வந்திருந்தால் வீட்டுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார்களாம். இப்போது உடம்பில் நீர் வற்றி, காய்ச்சலும் ஏறிவிட்டது. திங்கட்கிழமை ஏற்ற வேண்டிய மருந்தை ஏற்ற முடியாது. எப்போது முடியும் என்று பெரியப்பா கேட்டார். அணுக்கள் ஏறட்டும், பார்க்கலாம் என்றார் டாக்டர். நோய் அதுவரை காத்திருக்குமா என்று பெரியப்பா கேட்கவில்லை. நடைவழிக் கோடியில் இருந்த லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது, மூடியது, திறந்தது.

நர்ஸ் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பாட்டிலில் மிச்சம் இருந்தால் கழுவாமல் அப்படியே கொண்டுவரச் சொன்னார், திறக்காத ஒன்றும் சேர்த்து. பரிசோதனைக் கூடத்தில் காலையில் எட்டு மணி வரைதான் வாங்குவார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா விளக்கைப் போடாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். மகளே போட்டாள். நடந்ததைச் சொன்னாள், எதையும் விடாமல், பெரியம்மா விரல்விட்டு எண்ணியதையும். அம்மா முகத்தை மூடவில்லை, அழவும் இல்லை. படிவத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“தயாரித்தவர்னு கேட்டிருக்கே. என் பேர எழுது.”

“நான்தானேம்மா கலந்தேன். பெரியம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்.”

“பிள்ள எனக்காகப் பொய் சொல்லுச்சுன்னு நெனச்சுப்பா. எம்மேல இருக்கறதோட இதும் சேரட்டும். ஏற்கெனவே பேசறதில்ல, இனிமேலும் பேசமாட்டா. ஒங்கிட்டயாவது பேசட்டும்டி.”

அவள் படிவத்தைத் திரும்ப வாங்கினாள். மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். தயாரித்தவர் என்கிற இடத்தில் தன் பெயரை எழுதினாள். தேதி, அளவு, வினிகரின் வலு, சேர்த்த தண்ணீர். பிழை கண்டறிந்த நாள் என்று படிவத்தில் கேட்டிருக்கவில்லை. கீழே ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. அதில் எழுதினாள்: ‘பிழை தெரிந்தது செவ்வாய் மாலை. சொன்னது வெள்ளி மாலை நாலு மணிக்குப் பிறகு.’

அம்மா அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தாள். பிறகு போய் அலமாரியின் அடித்தட்டைத் திறந்து, மிச்சமிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைக்கத் தொடங்கினாள். ஒன்றைத் தனியே ஜன்னலோரம் வைத்தாள்.

அவள் நோட்டைத் திறந்தாள்.

நவம்பர் 14, வெள்ளி. நாளை: திறந்த பாட்டில், திறக்காத பாட்டில் ஒன்று, படிவம் மூன்றையும் எட்டு மணிக்குள் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்க வேண்டும். முதல் பேருந்து ஆறே முக்காலுக்கு. அம்மாவும் வருகிறாள். பெரியம்மா உள்ளே விடாவிட்டால் நடைவழியில் இருப்பாள். பெரியப்பாவுக்கு மாற்றுச் சட்டை எடுத்துக்கொள்ள வேண்டும்.